முகம் ஏன் கறுத்து வருகிறது? வன்னி வெயிலும் போன் கமராவும்

பெரியப்பாவின் அந்தியேட்டிக் கிரியைக்கு, கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடிக்க ஒரு படம் தேவைப்பட்டது. வன்னியில், கிளிநொச்சிக்குக் கிட்ட வட்டக்கச்சியில் அவருடைய வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாருடைய போன்களையும் வாங்கித் தேடினோம். அவர் நிற்கும் படங்கள் நூற்றுக்கு மேல் கிடைத்தன. வயல் வரம்பில் நிற்கிறார், இரணைமடு அணைக்கட்டில் நிற்கிறார், பேத்தியின் சாமத்திய வீட்டில் பந்தலடியில் நிற்கிறார். வானம் வெள்ளையாக இருக்கிறது, வயல் பச்சையாக இருக்கிறது, பெரியப்பா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுத்த நிழல். கடைசியில் அடையாள அட்டைக்காக ஸ்டூடியோவில் எடுத்த சின்னப் படத்தைப் பெருப்பித்துத்தான் போட்டோம். அதில் அவருக்கு 40 வயது. செத்தபோது 76. கல்வெட்டை வாங்கிப் பார்த்த ஊர்ச் சனத்தில் பாதிப் பேருக்கு அந்த முகத்தைத் தெரியாது.

போன் சரியில்லை என்று வீட்டில் சொன்னார்கள். ஆனால் அதில் இரண்டு போன்கள் கனடாவிலிருந்து வந்தவை, நல்ல விலையானவை. அவற்றிலும் முகம் கறுத்துத்தான் இருந்தது. போன் கமரா வெளிச்சத்தை அளக்கும் முறை ஒன்று. வன்னியில் வெயில் விழும் விதம் இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் எங்கள் ஆட்களின் முகம் காணாமல் போகிறது. இது விளங்கினால், கையில் இருக்கிற போனாலேயே பெரியவர்களை முகம் தெரிய எடுத்து வைக்கலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அளக்கிற கதை. படத்தில் எது ஆள், எது வானம் என்ற கணக்கு கமராவுக்கு அடிப்படையில் கிடையாது. உள்ளே வரும் வெளிச்சம் முழுவதையும் பார்த்து, மொத்தத்தில் ஒரு நடுத்தரச் சாம்பல் வரும்படி படத்தை அமைத்துக்கொள்ளும். ஒளிப்படக்காரர்கள் நெடுங்காலமாக அளவுக்குப் பாவித்த சாம்பல் அட்டை, தன்மேல் விழும் வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். கமராவின் நடுக்கணக்கும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் நிற்கிறது. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கொடியில் காயும் வெள்ளை வேட்டிக்குக் கிட்டப் போய், அது மட்டும் நிரம்பும்படி எடுங்கள். வேட்டி அழுக்குச் சாம்பலாக வரும். பிறகு எருமையொன்றின் விலாவைக் கிட்டத்தில் எடுங்கள். கறுத்த எருமை வெளிறிப்போய் நிற்கும். இரண்டையும் கமரா ஒரே சாம்பலை நோக்கித்தான் இழுத்திருக்கிறது.

இனி எங்கள் ஊரை யோசியுங்கள். வன்னியில் மலை இல்லை, உயர்ந்த கட்டடம் இல்லை. வயல்வெளியிலோ குளக்கட்டிலோ ஆளை நிறுத்தினால் படத்தின் பாதிக்கு மேல் வானம்தான். கமரா அந்த வானத்தின் வெளிச்சத்தைக் கண்டு, படம் வெளிறிவிடும் என்று எல்லாவற்றையும் இருட்டாக்கும். அதில் முதலில் மூழ்குவது முகம், அதுவும் எங்களைப் போன்ற கறுத்த முகம். இப்போதைய போன்கள் முகத்தைக் கண்டுபிடித்து அதற்கு முக்கியம் கொடுக்கப் பார்க்கும், உண்மைதான். ஆனால் தலையில் துவாய் கட்டிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, தூரத்தில் நிற்கிற ஒரு கமக்காரரின் முகம் அதற்குப் பல நேரம் பிடிபடாது.

திரையில் அந்த முகத்தை விரலால் ஒருமுறை தொடுங்கள். சின்னச் சதுரமோ வட்டமோ வரும், பக்கத்தில் ஒரு சூரியக் குறி நிற்கும். அந்தக் குறியை மேலே இழுத்தால் படம் வெளிக்கும், கீழே இழுத்தால் இருளும். ஐபோனிலும் பெரும்பாலான அன்ட்ரொயிட் போன்களிலும் இப்படித்தான். முகத்தின் சுருக்கமும் கண்ணின் ஈரமும் தெரியும்வரை இழுங்கள். பின்னால் வானம் வெள்ளையாகிவிடும். ஆகட்டும். வானத்தை நாளைக்கும் எடுக்கலாம். தொட்ட இடத்திலேயே விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அந்த அளவு பூட்டிக்கொள்ளும், ஆள் கொஞ்சம் அசைந்தாலும் மாறாது. பெரியப்பாவின் அந்த நூறு படங்களில் இதை யாராவது ஒரு தடவை செய்திருந்தால் போதும்.

எவ்வளவு வித்தியாசத்தைக் கமரா சமாளிக்க வேண்டியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; நேர் வெயிலில் அது ஏறக்குறைய 100,000 லக்ஸ். நல்ல மரநிழலில் அதில் பத்திலொன்று இருக்கும். கிடுகுக் கூரை போட்ட வீட்டின் உள்ளே 100 லக்ஸ் இருந்தாலே பெரிய விஷயம். அதாவது வாசலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆயிரம் மடங்கு வித்தியாசம். எங்கள் கண் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் எங்களுக்கு இது தெரிவதில்லை. கமராவோ ஒரே வீச்சில் இரண்டையும் பிடிக்க வேண்டும். எச்டிஆர் என்ற வசதி இதற்காகத்தான் வந்தது. ஒரு தடவை அழுத்தினால் போன் கண்ணிமைக்கும் நேரத்தில் பல படங்களை எடுத்து, வெளிச்சமான இடத்தை ஒன்றிலிருந்தும் இருட்டான இடத்தை இன்னொன்றிலிருந்தும் சேர்த்துத் தைத்துவிடும். அதை நிறுத்தாமல் வைத்திருங்கள். ஆனால் ஆயிரம் மடங்கை அதாலும் முழுதாக நிரப்ப முடியாது. ஓடித் திரியும் பிள்ளையை அப்படி எடுத்தால் விளிம்பில் இரட்டை இரட்டையாகவும் வரும்.

அடுத்தது வெயில். கிளிநொச்சி பூமத்திய ரேகைக்கு வடக்கே 9 பாகை சொச்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியில், சரியாகச் சொன்னால் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில், பகல் 12 மணி 10 நிமிடமளவில் சூரியன் எங்கள் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். முற்றத்தில் ஒரு தடியை நேராக நட்டால் நிழலே விழாது. ஓகஸ்ட் கடைசியில் இன்னொரு தடவை இப்படி வரும். புத்தாண்டுக்குப் புது உடுப்புப் போட்டுக்கொண்டு, கோவிலுக்குப் போய்வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் எல்லாரையும் முற்றத்தில் நிறுத்தி எடுக்கிற அந்தப் படம் நினைவிருக்கிறதா? ஆண்டிலேயே ஆக மோசமான வெளிச்சத்தில் எடுக்கிற படம் அது. உச்சியிலிருந்து விழும் வெயிலில் நெற்றியும் மூக்கு நுனியும் மின்னும், கண்குழி இரண்டும் கறுத்த ஓட்டையாகும், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எல்லாரும் கோபக்காரர்போல நிற்பார்கள். மார்கழியில் நடுப்பகலிலும் சூரியன் 60 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. அதனால் மழை விட்ட மார்கழி நாளொன்றின் வெளிச்சம் முகத்துக்கு இதமாக விழும்.

ஆகவே ஆட்களைக் காலை 8 மணிக்கு முன் எடுங்கள், அல்லது பின்னேரம் நாலரைக்குப் பிறகு. வெயில் சரிந்து முகத்துக்கு நேராக வரும். பொழுது படுகிற அந்த மஞ்சள் வெளிச்சம் எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் அது எங்களிடம் அதிக நேரம் தங்காது. பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் சூரியன் இங்கே கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது. ஐரோப்பாவில் இருக்கும் சொந்தக்காரர்கள் கோடையில் ஒரு மணித்தியாலமாக அனுபவிக்கிற அந்த வெளிச்சம் எங்களுக்கு அரை மணித்தியாலம்தான். சூரியன் மறைந்து இருபது நிமிடமளவில் மைம்மல் முடிந்து இருட்டிவிடும். ஐந்தரைக்கே ஆளை வெளியே கூப்பிட்டு இருத்திவிட வேண்டும். பெரியம்மா சேலை மாற்றிக்கொண்டு வரும்வரை சூரியன் காத்து நிற்காது.

நேரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாதவர்களுக்கு வன்னி வீடுகளில் ஏற்கெனவே ஒரு ஸ்டூடியோ இருக்கிறது: விறாந்தை. கூரை உச்சி வெயிலை மறைக்கிறது. முன்னால் முற்றம் திறந்து கிடக்கிறது. கூட்டி விட்ட வெண்மணல் முற்றமென்றால் வெயில் அதில் பட்டுத் தெறித்து, கீழிருந்து மெல்லிய வெளிச்சமாக முகத்துக்கு வரும், கண்குழியை நிரப்பும். சினிமாக்காரர் வெள்ளைத் தட்டியைப் பிடித்துச் செய்கிற வேலையை முற்றத்து மணல் சும்மா செய்து தருகிறது. ஆளை விறாந்தையின் விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே, முற்றத்தைப் பார்த்தபடி கதிரையில் இருத்துங்கள். நீங்கள் முற்றத்தில், அவருக்கு நேர் முன்னால் நிற்காமல் சற்று விலகி நில்லுங்கள், உங்கள் நிழல் அவர்மேல் விழக்கூடாது. போன் அவருடைய கண் உயரத்தில் இருக்கட்டும். நின்ற நிலையில் மேலிருந்து எடுத்தால் தலை பெருத்து உடம்பு சிறுத்துப் போகும். பின்னால் வீட்டின் உட்பக்கம் இருட்டாக இருப்பதால் முகம் மட்டும் தனித்துத் தெரியும். நிலம் செம்மண் என்றாலோ புல் முளைத்துக் கிடந்தாலோ ஒரு வெள்ளை வேட்டியைக் கதிரைக்கு முன்னால் நிலத்தில் விரித்துவிடுங்கள். வித்தியாசத்தைத் திரையிலேயே காண்பீர்கள்.

ஒன்று மட்டும் கவனம்: தறப்பாள். நீலத் தறப்பாளுக்குக் கீழே இருக்கிறவர்களை எடுத்தால் எல்லாரும் நீலம் பாரித்து, நோயாளிபோல வருவார்கள். வெளிச்சம் அந்த நீலத்துக்குள்ளால் வடிந்து வருகிறது. கமராவும் எது உண்மையான வெள்ளை என்று தெரியாமல் தடுமாறுகிறது. கலியாணப் பந்தலின் சிவப்புத் துணியும் இதே வேலையைச் செய்யும். பிறகு திருத்தலாம்தான், ஆனால் தோலின் நிறம் முழுதாகத் திரும்பி வராது. ஆளைப் பந்தலின் ஓரத்துக்கு, திறந்த வானம் தெரிகிற பக்கத்துக்கு அழைத்து வருவது மேல்.

தோலின் நிறம் என்று சொல்லும்போது ஒரு பழைய அநியாயத்தையும் சொல்ல வேண்டும். கலர் பிலிம் காலத்தில், 1950களிலிருந்து, படம் கழுவும் இடங்களுக்குக் கொடாக் நிறுவனம் ஒரு மாதிரிப் படத்தை அனுப்பியது. ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவளுடைய தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று கணக்கு. ஷேர்லி அட்டை என்று அதற்குப் பெயர். கறுத்த தோல் அந்தக் கணக்கிலேயே இல்லை. கறுப்பு நிறத்தவர்களைச் சரியாகக் காட்ட வேண்டும் என்ற குரலைவிட, மரத் தளபாடங்களும் சொக்லேட்டும் படத்தில் ஒரே மண்ணிறமாக வருகின்றன என்று அவற்றைச் செய்த நிறுவனங்கள் முறைப்பட்டதுதான் பிலிமைத் திருத்த வைத்தது என்று அங்கே வேலை செய்தவர்களே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். டிஜிட்டல் வந்த பிறகும் அந்தப் பழக்கம் உடனே போகவில்லை. பல நிறத் தோல்களையும் உள்ளபடி காட்டுவதற்கென்று கூகுள் தன் பிக்சல் 6 போனில் ஒரு முயற்சியை வெளிப்படையாக அறிவித்ததே 2021 ஒக்ரோபரில்தான்.

ஆனால் இன்றைக்கு எங்கள் முகத்தை அதிகம் கெடுப்பது அழகாக்கும் வசதி. மலிவான போன்கள் பலவற்றில் அது வாங்கும்போதே இயங்கிக்கொண்டிருக்கும், முன் கமராவில் பெரும்பாலும் இருக்கும். தோலை வெளுப்பாக்கும், சுருக்கத்தைத் துடைக்கும், தாடையைக் குறுக்கும். அம்மம்மாவின் நெற்றிச் சுருக்கத்தைத் துடைத்துவிட்டால் அது வேறு யாரோ. அறுபது வருடம் வயலில் நின்ற வெயில் அந்தத் தோலில் இருக்கிறது. அதை இல்லாமல் செய்கிற போனில் எனக்குக் கோபம்தான் வருகிறது. கமராவைத் திறந்து, முகம் அல்லது மந்திரக்கோல் போன்ற குறியைத் தொட்டு, எல்லாவற்றையும் பூச்சியத்துக்குக் கொண்டுபோய் விடுங்கள்.

சரி, எவ்வளவு தூரத்தில் நிற்பது? போனின் பிரதான கமரா பரந்த காட்சிக்கென்று செய்தது. அதனால் முகம் பெரிதாக வர வேண்டுமென்று நாங்கள் கிட்டக் கிட்டப் போகிறோம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையில் ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர் ஆழம் இருக்கிறது. மூக்கிலிருந்து 30 சென்ரிமீற்றரில் நின்று எடுத்தால் கணக்குப்படி காதைவிட மூக்கு 40 சதவீதம் பெருத்துத் தெரியும். ஒன்றரை மீற்றருக்குப் பின்வாங்கினால் அந்த வித்தியாசம் 8 சதவீதமாகக் குறையும். ஆகவே நாலைந்து அடி தள்ளி நின்று, 2 மடங்குப் பெரிதாக்கலைப் பாவியுங்கள். அதற்கு மேலே விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் பல போன்களில் அது வெறுமனே படத்தை வெட்டுவதுதான்.

மெகாபிக்சல் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 50 மெகாபிக்சல் என்று பெட்டியில் போட்டிருந்தாலும், சாதாரணமாக எடுக்கும்போது நாலு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துப் பன்னிரண்டரை மெகாபிக்சல் படத்தைத்தான் தரும். சின்னப் புள்ளி நாலும் சேர்ந்தால் கூடுதல் வெளிச்சம் பிடிக்கும் என்பதால் அது நல்லதுதான். 6 அங்குலத்துக்கு 8 அங்குலப் படம் அச்சிட நாலரை மெகாபிக்சல் போதும். அதைவிட லென்ஸைத் துடைப்பது முக்கியம். தேங்காயெண்ணெய்க் கையும் செம்மண் தூசியும் பட்ட லென்ஸ் எல்லாப் படத்துக்கும் பனிமூட்டம் போட்டுவிடும். பழைய பருத்தி வேட்டித் துண்டொன்று போதும், முதலில் ஊதித் தூசியைப் போக்கிவிட்டு மெல்லத் துடையுங்கள்.

இரவுக்கு ஒரு வார்த்தை. வைகாசியில் முல்லைத்தீவு வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போகிறவர்கள், கடல்நீரில் எரிவதாகச் சொல்லும் விளக்கை எப்படியாவது போனில் பிடிக்கப் பார்ப்பார்கள். சுற்றிலும் இருட்டு, நடுவில் ஒரு சுடர். கமரா இருட்டைப் பார்த்துப் படத்தை வெளிக்க வைக்கும், சுடர் வெள்ளைத் திட்டாக ஊதிப்போகும். வயலில் செய்ததற்கு நேர் எதிராக இங்கே செய்ய வேண்டும்: சுடரைத் தொட்டு, சூரியக் குறியைக் கீழே இழுங்கள். சுடரின் வடிவமும் அதன் ஒளி படும் முகங்களும் தெரியும், மற்றது இருட்டாகவே இருக்கட்டும். பிளாஷ் இரண்டு மூன்று மீற்றருக்கு அப்பால் எட்டாது, முன்னால் நிற்பவரின் பிடரியைத்தான் வெளிச்சமாக்கும், கும்பிடுகிறவர்களுக்கும் இடைஞ்சல். இரவு முறையைப் பாவித்தால் போன் சில விநாடிகள் தொடர்ந்து எடுக்கும். அவ்வளவு நேரமும் போனை ஒரு தூணோடு சாய்த்துப் பிடித்து மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வேலைக்கும் போன் கமரா எங்களுக்கு மிகவும் வேண்டியது. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போய்வந்த குடும்பங்களில் பழைய அல்பம் மிஞ்சியவை மிகக் குறைவு. எங்கள் வீட்டில் மிஞ்சியது காணி உறுதியோடும் பிறப்புச் சான்றிதழோடும் ஒரே சொப்பிங் பையில் கிடந்த மூன்று படங்கள். ஈரம் பட்டு இரண்டு ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. நான் அவசரப்பட்டு உரித்ததில் ஒன்றில் அம்மப்பாவின் முகத்தின் ஒரு பக்கம் மற்றதன் முதுகோடு போய்விட்டது. தயவுசெய்து அப்படி உரிக்காதீர்கள். பிரேம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தாலும் இழுக்காமல் கண்ணாடிக்கு மேலாகவே எடுங்கள்.

படத்தை வாசலுக்குக் கிட்ட, நேர் வெயில் படாத இடத்தில் ஒரு மேசையில் தட்டையாக வையுங்கள். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வரட்டும். வீட்டு லைட்டையும் பிளாஷையும் அணைத்துவிடுங்கள். கமராவில் கட்டக் கோடுகளை வரச்செய்து, படத்தின் நாலு விளிம்பும் கோடுகளோடு ஒத்து நிற்கும்வரை போனைச் சரிக்காமல் நேர் மேலே பிடியுங்கள். கண்ணாடியில் உங்கள் கையும் போனும் தெரிந்தால், லென்ஸுக்கு மட்டும் ஓட்டை விட்ட கறுத்தத் துணியொன்றைப் போனுக்கும் கண்ணாடிக்கும் இடையில் பிடித்தால் மறையும். கிட்டப் போகாமல் கொஞ்சம் உயரத்திலிருந்து 2 மடங்கில் எடுங்கள், அப்போது உங்கள் நிழலும் விழாது. படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் எடுங்கள். திகதியும் இடமும் பேரும் பேனையால் எழுதியிருப்பது அங்கேதான்.

எடுத்த படத்தை அனுப்புவதில்தான் கடைசியாகக் கெட்டுப்போகிறது. வட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் அது படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். பெரியப்பாவின் படங்களில் முகம் ஓரளவு தெரிந்த ஒன்றைப் பெருப்பிக்கக் கொடுத்தோம். அது மூன்று கை மாறி வட்ஸ்அப்பில் வந்தது, பெருப்பித்ததும் கட்டம் கட்டமாகச் சிதறியது. 2023 ஓகஸ்டிலிருந்து வட்ஸ்அப்பில் எச்டி என்ற தெரிவு இருக்கிறது, அதைத் தொட்டு அனுப்பினால் பரவாயில்லை. ஆவணம் என்ற தெரிவில் அனுப்பினால் ஒரு புள்ளியும் குறையாமல் மூலப்படமே போய்ச் சேரும். வைத்திருக்கவும் இரண்டு இடம் வேண்டும். கூகுள் போட்டோஸ் 2021 யூன் 1இலிருந்து கணக்கில்லாமல் வைக்க விடுவதில்லை, இலவசமாக மொத்தம் 15 ஜிபிதான். ஆகவே முக்கியமானவற்றை மட்டும் அங்கே ஏற்றி, ஒரு பிரதியை வேறு வீட்டில் இருக்கிற ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். ஆளுக்கு ஒரு நல்ல படத்தைக் கடதாசியில் அச்சிட்டும் வையுங்கள்.

போன மார்கழியில் பெரியம்மாவை அந்த விறாந்தையில், அதே கதிரையில் இருத்தி எடுத்தேன். காலை ஏழரை மணி, இரவு மழை பெய்து முற்றம் ஈரமாக இருந்தது. முகத்தைத் தொட்டுச் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே இழுத்தேன், வேறொன்றும் செய்யவில்லை. ரொறன்ரோவில் இருக்கிற அண்ணைக்கு, பெரியம்மாவின் மகனுக்கு, அதை ஆவணமாக அனுப்பினேன். அங்கே இரவு. கொஞ்ச நேரம் ஒரு பதிலும் இல்லை. பிறகு கோல் எடுத்தார். படத்தை விரலால் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"தம்பி, அம்மாவுக்குப் பின்னால தூணில தொங்கிறது அப்பான்ர துவாய்தானே?"

ஓம், அதுதான். பெரியம்மா அதை இன்னும் எடுக்கவில்லை.